இருபத்து மூன்று லிட்டர்

மூக்கையூரில் கச்சான் அடிக்கிற நாளில்
நாக்கை நம்பக் கூடாது.
உதட்டிலேயே உப்பு.
மூன்றாவது சொட்டுக்குப் பிறகு
எல்லாக் காடியும் ஒரே புளிப்பு.

தாள் பட்டையும் அப்படித்தான்.
நரிப்பையூர் டிரம்மில் நனைத்தாலும்
கன்னிராஜபுரம் டிரம்மில் நனைத்தாலும்
அதே செம்மஞ்சள்,
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

பியூரெட்டுக்குத்தான் யாரும் சொந்தமில்லை.
ஒன்று ஐந்து புள்ளி ஆறு,
மற்றது வெறும் மூன்று
என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

கீழக்கரை ஹபீப் காக்காவின்
மீன் ஊறுகாய்க்கு நாலு சதம் வேண்டும்.
குறைந்தால் போத்தலில் பூஞ்சை,
கூடினால் எங்கள் கையில் நட்டம்.
கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
இருநூறு லிட்டர் அது, முன்னூறு லிட்டர் இது,
பெருக்கி, கூட்டி, ஐந்நூறால் வகுக்க
நாலு புள்ளி பூஜ்யம் நாலு.
அந்தக் கடைசி நாலு
எனக்கு நானே வைத்துக்கொண்ட கொசுறு.

கலந்தோம்.
பனைமட்டையால் ஜெபமாலையம்மாள் கலக்கினாள்,
நூறு சுற்று, வாய்விட்டு எண்ணி.
பதிமூன்றரை மில்லியில் வரவேண்டிய ரோஜா நிறம்
பதிமூன்றிலேயே வந்து நின்றது.
இன்னொரு தடவை.
பதிமூன்று.
மூன்று புள்ளி ஒன்பது.

பனம்பழம் இனிக்கவில்லை என்று
மரத்தோடா சண்டை போட முடியும்?
கணக்கைத் தலைகீழாக நடத்திப் பார்த்தேன்.
இருநூறு இருநூறே இல்லை,
நூற்றறுபது.
போய்ப் பார்த்தால்
நரிப்பையூர் டிரம்மின் விலா
வெயிலில் இளகி உள்ளே போயிருக்கிறது.
நாற்பது லிட்டர் பள்ளம்.
சித்திரையிலிருந்து தினமும்
அதில் சாய்ந்துதான் டீ குடித்திருக்கிறோம்.

நாலு மணிக்கு வண்டி.
குறையை நிரப்ப
இருபத்து மூன்று லிட்டர், ஆறு சதத்தில்.
ஆறு சதம் இந்தக் கொட்டகையில்
ஒரே டிரம்மில்தான் இருக்கிறது.
மூலையில், சாக்குக்குப் பின்னால்,
சாக்பீஸில் 'இஞ்ஞாசி' என்று எழுதியது.

வண்டி வாடகையில் தொடங்கிய சண்டை.
என்னைக் கணக்குப் பிசாசு என்றான்,
பங்கை முடிக்காமல் மண்டபம் போனான்.
தொட்டால் கேஸ் போடுவேன் என்றது
இரண்டு வருஷம் முன்னால்.
அதன் பிறகு அந்த மூலையைப் பெருக்கினோம்,
டிரம்மை நகர்த்தாமல்.
உள்ளே அது தன்பாட்டுக்கு
முதிர்ந்துகொண்டிருந்தது.

போன் போட்டேன்.
ஐஸ் உடைக்கிற சத்தம்.
"நான் ஜெனோவா பேசுறேன்."
சத்தம் நின்றது.
"எவ்வளவு வேணும்?"
எப்படித் தெரிந்ததோ.
"இருபத்து மூணு லிட்டர்."
"இருபத்தஞ்சு எடுத்துக்க."
"இருபத்து மூணுதான் வேணும்."
மூச்சா சிரிப்பா, ஏதோ ஒன்று வந்தது.
"அது ஆறு இருக்கும்னு
உனக்கு யார் சொன்னா?"

வெளியே ஒரு வல்லம்
எஞ்சினை அணைத்தது.
போன மாசம் எல்லாரும் பூசைக்குப் போயிருந்தபோது
அடிக்குழாயைத் திறந்து
பத்து மில்லி எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னேன்.
பியூரெட்டில் இருபது வரை போனதையும் சொன்னேன்.
ஏன் பார்த்தேன் என்று அவன் கேட்கவில்லை.
"ஆறா," என்றான் மெதுவாக,
தன் பிள்ளையின் மார்க்கைக் கேட்டவன் மாதிரி.
பிறகு,
"அந்தப் பத்தையும் சேத்து எழுதிக்க."

ஊற்றினோம். மறுபடி நூறு சுற்று.
பதிமூன்று தாண்டி
ஒவ்வொரு சொட்டாக விட்டேன்.
நிறம் வந்தது, போனது,
வந்தது, போனது,
வந்தது.
முப்பது வரை எண்ண வேண்டும்,
அதற்குள் மறைந்தால் கணக்கில்லை.
ஜெபமாலையம்மாள் எண்ணினாள்.
நான் குடுவையைப் பார்க்காமல்
நோட்டைத் திறந்து
இரண்டு வருஷமாக வெறுமையாகக் கிடந்த
பக்கத்தில் எழுதினேன்:

இஞ்ஞாசி, வரவு,
23.010.